மாப்பிள்ளை சொன்னது

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை கௌசிக்கின் உதடுகள் அசைந்தன. மேளச் சத்தத்துக்கு அடியில் குரலே எழாத அந்தக் குசுகுசுப்பு தெளிவாகவே கேட்டது.

"எனக்கு இதுல இஷ்டமே இல்ல. அப்பாவுக்கோசரந்தான் வந்து உக்காந்திருக்கறேன்."

"நிறுத்துங்க" என்றார் கந்தவேல். வீட்டு டிவியில் பார்த்தபோதும் இதே இடத்தில்தான் நிறுத்தினார். அதற்கு மேல் கேட்க ஒருநாளும் அவருக்கு மனம் வந்ததில்லை.

ஆடிக்கு அழைத்து வந்த மகளை ஆவணி பிறந்தும் அவர் ஆட்டையாம்பட்டியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. நாளைக்குச் சொந்தபந்தம் நாலு பேரைக் கூட்டிப்போய், இஷ்டமில்லாதவனிடம் பெண்ணை விட்டுவைக்க முடியாது என்று பேசி முடித்துவிடுவதாக இருந்தார். அதற்கு முன், மறுக்க முடியாதபடி நல்ல பதிவாக ஒன்று கையில் இருக்கட்டும் என்றுதான் பள்ளிபாளையத்தில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். மகள் மதுமதியும் பிடிவாதமாகக் கூடவே வந்து, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எடிட்டர் செந்தமிழன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இதுல சிங்க் நழுவியிருக்குதுங்க. வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகுது."

கந்தவேலுக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு இந்த ஸ்டுடியோவை அமர்த்தியதே மாப்பிள்ளை வீட்டார்தான்.

"ஆட்டையாம்பட்டியிலிருந்து போன் வந்திருச்சாட்ட இருக்குது" என்றார்.

"யாரும் பேசலீங்க. நீங்களே பாருங்க."

செந்தமிழன் படத்தைச் சற்றுப் பின்னால் ஓட்டினான். சடங்கை நடத்திய அருமைக்காரர் தேங்காயை ஓங்கி உடைத்தார். அது இரண்டாகப் பிளந்து, தண்ணீர் சிந்தி, மூடிகளைத் தட்டில் வைத்த பிறகுதான் 'டொப்' என்று சத்தம் வந்தது.

"கேமரா தனி, சத்தம் புடிக்கறது தனிங்க. மேடைப் பூவுக்குள்ள ஒரு மைக் வச்சிருந்தோம். ரெண்டையும் சேத்துப் பெரிய ஃபைலா இருந்தத டிவிக்குன்னு சின்னதாக்குனப்ப நாங்க பண்ணுன தப்பு. ஆரம்பத்துல சரியாத்தான் இருக்கும், போகப் போகச் சத்தம் பின்தங்கிரும். ஒரிஜினல் இருக்குதுங்க, சரி பண்ணித் தாரேன்."

"ஒண்ணும் மாத்த வேண்டாம். இருக்கறத அப்படியே குடுங்க."

தப்பு என்று இவன் தானாக ஒத்துக்கொள்வதே கந்தவேலுக்கு நெருடியது. இவன் கை வைத்தால் அந்தப் பேச்சே காணாமல் போய்விடும் என்று நினைத்தார்.

"அண்ணா, நானும் அதையேதான் சொல்றேன்" என்றாள் மதுமதி. "எதுவும் பண்ண வேண்டாங்கண்ணா. அப்பா, அவரு அப்படிப் பேசற ஆளே இல்லீங்கப்பா. என்ன எப்ப கூட்டிட்டுப் போலாம்னு தெனமும் கேட்டுட்டுத்தான் இருக்கறாரு."

கந்தவேல் மகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளாக இதே பாட்டுதான். அவன் என்ன சொல்லி மயக்கி வைத்திருக்கிறானோ. இவளே வேண்டாம் என்கிறாள் என்றால், சரி செய்த பிறகு அவன் இன்னும் வசமாக மாட்டுவான் போலிருக்கிறது.

"சரி, பண்ணுங்க. எங் கண்ணு முன்னாலயே பண்ணுங்க" என்றார்.

செந்தமிழன் கேமராப் பதிவைத் திரையில் மேலேயும் மைக் பதிவைக் கீழேயும் வைத்தான். நாதஸ்வரம் தொடங்கிய இடத்தில் ஒரு முடிச்சு, கெட்டிமேளத்தில் ஒரு முடிச்சு என்று இரண்டையும் பொருத்தி, சத்தத்தை இழுத்துச் சரிக்கட்டினான். மதுமதி துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தேங்காய் உடைந்தது. கூடவே 'டொப்' என்றது.

கந்தவேல் நாற்காலியின் நுனிக்கு வந்தார். குசுகுசுப்பு இப்போது முன்னதாகவே வந்தது. "எனக்கு இதுல இஷ்டமே இல்ல..." திரையில் கௌசிக் வாயை மூடிக்கொண்டு, வியர்த்த முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மணப்பெண் தலையைத் தோழி பக்கம் சாய்த்திருந்தாள். பின்னால் மாப்பிள்ளையின் அண்ணனும் மாமனும் நெருக்கியடித்து நின்றார்கள்.

பிறகுதான் கௌசிக்கின் உதடுகள் அசைந்தன. "அந்த ஃபேனக் கொஞ்சம் பொண்ணு பக்கம் திருப்பி உடு மாமா. அவளுக்கு வேர்க்குது."

கந்தவேலுக்கு என்னவோ போலிருந்தது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதேதான். அந்தப் பையனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்தது நினைவுக்கு வந்து முகம் கறுத்தது.

ஆனாலும் சந்தேகம் அவரை விடவில்லை. திரையருகே குனிந்து, மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகத் துழாவினார்.

"மாப்பிள்ள இல்லீன்னா அவங்க அண்ணனாத்தான் இருக்கோணும். அப்பனுக்குப் பயந்துட்டு வந்து நிக்கறான்."

செந்தமிழன் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"அப்பா, போதுங்கப்பா" என்று மதுமதி எழுந்து வந்தாள். "இன்னிக்கே என்னக் கொண்டுபோய் அவரு ஊட்டுல உட்ருங்க."

"அதெப்படி சாமி? அப்படிப் பேசுன வாய் இருக்கற ஊட்டுக்கு உன்ன எப்படி அனுப்பறது?"

மதுமதி திரையைப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அப்படிப் பேசுனது நாந்தானுங்கப்பா."