ஏர்கன்னின் வயிற்றெரிச்சல்

செங்கோடன் வீட்டுச் சுவரில் ஒரு நாட்டுத் துப்பாக்கியும் ஒரு ஏர்கன்னும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கினவாம். கடலைக்காட்டில் நரி புகுந்தால் செங்கோடன் எடுப்பது நாட்டுத் துப்பாக்கியைத்தான். ஏர்கன்னுக்கு வயிறு எரியும்.

“உனக்கு லைசென்ஸ் வேணும், எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஆனா காட்டுக்குப் போறது மட்டும் எப்பவும் நீயாண்ணே?”

“சொந்தக் காடானாலும் நரியைச் சுடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு தம்பி. நான் வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுட்டு வர்றேன், அவ்வளவுதான். உன் சத்தம் உனக்கே கேட்காதே!”

“எல்லாம் பெருமை” என்று முணுமுணுக்கும் ஏர்கன்.

தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நாட்டுத் துப்பாக்கி கிளம்பிப் போனதும் ஏர்கன் ஆணியிலேயே ஆடியது. “இனி நான்தான்!”

அன்று சாயங்காலமே நரி வந்தது. வீட்டுக்குள் ஓடி வந்த செங்கோடன், ஏர்கன்னைத் தாண்டிப் போய், மூலையில் கிடந்த எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் தட்டிய தட்டில் நரி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

நெளிந்துபோய்த் திரும்பி வந்த டின்னை ஏர்கன் ஏற இறங்கப் பார்த்தது.

“ஏண்டா, உனக்கு லைசென்ஸ் இருக்கா?”