தக்காளியிடம் தோற்ற கத்தி

பளபளவென்று மின்னுகிற கத்தி ஒரு தக்காளியிடம் தோற்றுப்போகுமா? தோற்றதே!

ஒரு சமையல்கட்டில் மழுங்கின கத்தி ஒன்று இருந்தது. இப்படியே போனால் நாளைக்குத் தன்னைப் பழைய இரும்பென்று பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவார்களோ என்று அதற்குப் பயம். ஜன்னலோரம் இரண்டு சாணைக்கற்கள் இருந்தன. சொரசொரப்புக் கல்லைப் பார்த்தாலே கத்திக்கு உடம்பு கூசும். அதனால் வழவழப்புக் கல்லிடமே போய் உரசிக்கொண்டது.

"என்ன அழகுடா நீ," என்றது வழவழப்புக் கல்.

முகம் பார்க்கலாம் போல மின்னிய கத்தி, நேரே தக்காளியிடம் போனது. தோலில் வழுக்கி ஓடியதுதான் மிச்சம்.

"தடவிக்குடுக்கவா வந்தே, தம்பி?" என்றது தக்காளி.

கத்தி திரும்பி வந்தது. "ஏங்க்கா, இவ்வளவு தேய்ச்சும் வெட்டலையே?"

"நான் மெருகுதாம்ப்பா போடுவேன். கூர் எடுக்கிறது அண்ணன் வேலை. முதல்ல அங்க போகணும், அப்புறந்தான் இங்க. நீ கேக்கவே இல்லையே," என்றது வழவழப்புக் கல்.

சொரசொரப்புக் கல் தண்ணீரில் நனைந்து தயாராகக் கிடந்தது. கத்தி அதன்மேல் மெல்லச் சாய்ந்தது.

"அண்ணே, நான் அழுவேன். அழுதாலும் பாதியில விட்டுடாதீங்க."