மீன் கண்

“மீன் கண்ணைப் பிடுங்கிக் கடல்ல எறிஞ்சான் பாரு, அதோட எனக்குப் படம் முடிஞ்சு போச்சு!” என்றார் தெபானோ.

“அவன் வெளியூர்க்காரன், அண்ணே. அவனுக்கு மீனுன்னா டப்பாவுல வர்றது. கண்ணுல தண்ணி இருக்குன்னு டப்பா மேல எழுதியா இருக்கும்?” என்றான் தியோன்.

பசிபிக் கடலின் அபெமாமா தீவில் ஊர்மன்றம் சிரிப்பில் குலுங்கியது. வெளியே நல்ல மழை. வெளிச்சம் புகாமல் நாலு பக்கமும் பாய்களைத் தொங்கவிட்டு, நடுவில் வெள்ளைத் துணி கட்டி, கடைக்கார இயோதேபா படம் போட்டிருந்தார். நடுக்கடலில் படகு பழுதாகித் தனியாக மிதக்கும் ஒருவனின் கதை. அறுபதாம் நாள் தூரத்தில் ஒரு கப்பல் தெரிய, அவன் சட்டையைக் கழற்றி வீசும் நேரத்தில் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

“பெட்ரோல் தீர்ந்துபோச்சு,” என்றார் இயோதேபா. “பெருசா ஒண்ணும் மிச்சமில்லப்பா, நேத்தே கடையில போட்டுப் பார்த்துட்டேன். கப்பல்காரன் கயிறு போடறான், இவன் ஏறிக்கறான், ஊருக்குப் போறான். அவ்வளவுதான்.”

படத்துக்கு ஆளுக்கு ஒரு தேங்காய் என்பது அவர் வைத்த விலை. படம் பாதியில் நின்றால் தேங்காயைத் திருப்பிக் கேட்பதோடு, உட்கார்ந்து முதுகு வலித்ததற்கு இன்னொன்றும் கேட்கிற ஊர் இது. இன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. இயோதேபாவும் இன்றைக்குத் தேங்காயே வாங்கவில்லை. மழைக்குச் செய்த தர்மம் என்று சொல்லிக்கொண்டார்.

“கதையை விடுங்க,” என்றான் தியோன். “தண்ணிக்கு அடியில இருந்து படகைக் காட்டினானே, வானத்துல தொங்கற மாதிரி! அந்த நீலத்துக்கு மட்டும் நாலு தேங்காய் கொடுக்கலாம்.”

“கொடு. கடல் உன் வீட்டுப் பின்னாடிதானே இருக்கு, தினமும் கொண்டுபோய்க் கொட்டு.”

“உங்களுக்கு ரசனையே கிடையாது, அண்ணே.”

“எனக்குக் கண்ணு இருக்குடா. சாயங்காலம் பறவைக் கூட்டம் ஒரே திசையில போகுது. கரை அந்தப் பக்கம்னு பறவையே சொல்லுது. இவன் அண்ணாந்து பார்த்து அழகா இருக்குன்னு அழறான்!”

மன்றத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. தெபானோவுக்குப் பக்கத்தில் விரித்திருந்த பாய் மட்டும் காலி. அது அவர் தம்பி கைத்துவின் இடம். சூரை மீனுக்குப் போன கைத்துவின் படகு திரும்பாமல் இன்றோடு இருபத்து மூன்று நாள். சனிக்கிழமை நினைவு விருந்து வைத்துவிடலாமா என்று பாதிரியார் கேட்டு அனுப்பியிருந்தார். வைத்துவிட்டால் அந்தப் பாயைச் சுருட்டிவிடுவார்கள். பதில் சொல்ல வேண்டியவள் கைத்துவின் மனைவி ரோத்தியா. அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பிரிந்த ஓலையை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள்.

“அத்தான்,” என்றாள், தலை நிமிராமல். “அறுபது நாள்... நிஜமாவே முடியுமா?”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“அறுபதா?” என்று தெபானோ குரலை உயர்த்தினார். “அப்படியொரு மடையனே அறுபது நாள் தாங்கினான்னா, விவரம் தெரிஞ்சவன் நூறு நாள் உட்கார்ந்து பாட்டுப் பாடிட்டு வருவான்!”

“அவன் ஒல்லி,” என்றான் தியோன். “நம்ம கைத்து அப்படியா? போன கிறிஸ்துமஸ்ல ஈரப்பலா தின்னு பெஞ்சை உடைச்சானே. அந்த உடம்பே ரெண்டு மாசத்துக்குத் தாங்கும்.”

“இதோ, மழை வேற பெய்யுது,” என்றாள் பின்வரிசை தபேரா. “இங்க பெய்யறது அங்கயும் பெய்யும்ல? குடிக்கத் தண்ணிக்குக் குறைச்சல் இல்ல.”

நல்ல படம் என்று தியோனும், குப்பை என்று தெபானோவும் மறுபடி மல்லுக்கு நின்றார்கள். ஆனால் படத்தில் அவன் பிழைத்த விஷயத்தில் மட்டும் ஊரே ஒரு கட்சி. இந்த மன்றம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒற்றுமை வந்ததில்லை.

மழை விட்டதும் கூட்டம் கலைந்தது. ரோத்தியா மட்டும் நின்று, வெள்ளைத் துணியை மடிக்க இயோதேபாவுக்குக் கை கொடுத்தாள். தெபானோ தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

“பாதிரியாருக்கு என்னம்மா சொல்றது?”

“சனிக்கிழமை வேண்டாம், அத்தான். பொறுப்போம். பாய் அப்படியே கிடக்கட்டும்.”

தெபானோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, இயோதேபாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நல்ல விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்ட வியாபாரி கூட்டாளியைப் பார்ப்பதுபோல இயோதேபாவும் பதிலுக்குத் தலையசைத்தார்.

ரோத்தியா குனிந்து, ஜெனரேட்டருக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்த பெட்ரோல் கேனை எடுத்து நீட்டினாள். உள்ளே தளும்பியது.

“இந்தாங்க அண்ணே, பாதிக்கு மேல இருக்கு.”

இயோதேபா அவசரமாகக் கேனை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“போன வருஷம் தாராவா தீவுல, தங்கச்சி வீட்டுல, நானும் அவரும் இந்தப் படத்தை முழுசாப் பார்த்தோம். கப்பல் நிக்காமப் போயிடும், அவன் செத்துடுவான்,” என்றாள். வாசலில் தொங்கிய பாயை விலக்கிக் கடலைப் பார்த்தாள். “அன்னிக்கு அவரும் உங்களை மாதிரியேதான் கத்தினாரு, அத்தான்: ‘மீன் கண்ணைத் தூக்கி எறியறவன் சாகாம என்ன பண்ணுவான், மடையன்!’”