மௌனம் இன்னும் முடியவில்லை

போர் முடிந்த நாளின் ஆண்டுவிழாவில், உயிர்நீத்த வீரர்களுக்காக ஊரே எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. நிமிடம் முடிந்ததும் ஊர்த்தலைவர் கனகசபை கையசைத்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வரிசையில் வேதவல்லி மட்டும் கண்களை மூடியபடி நின்றுகொண்டே இருந்தாள்.

“அம்மா, முடிஞ்சிடுச்சு. உட்காருங்க” என்றார் கனகசபை மைக்கில்.

“உங்க ஆளுங்களுக்கு முடிஞ்சிடுச்சு. என் வீட்டுக்காரருக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்.”

அவள் கணவர் மாசிலாமணி சலூன் வைத்திருந்தவர். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது கடைமேல் குண்டு விழுந்தது.

“அவரு பட்டாளத்துக்காரர் இல்லையேம்மா!”

“குண்டு அதைக் கேட்டுட்டா விழுந்துச்சு?”

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவரே எழுந்தும் நின்றார். அன்று அந்தச் சலூனில் முகத்தில் பாதி நுரையோடு செத்துப்போனவர் அவருடைய அண்ணன். அடுத்து, மண்ணெண்ணெய் வரிசையில் மகளைப் பறிகொடுத்தவர் எழுந்தார். அங்கொருவர் இங்கொருவராகக் கூட்டம் முழுக்க எழ ஆரம்பித்தது.

கனகசபை கூட்டத்தைப் பார்த்தபடியே, பக்கத்திலிருந்த ராணுவ அதிகாரியிடம் கெஞ்சினார். “சார், பிரியாணி ஆறிப்போகுது. நீங்களாவது சொல்லுங்க.”

அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு எப்போதோ எழுந்துவிட்டிருந்தார். “உஸ்! மௌனத்துல பேசக் கூடாது” என்றார்.

கனகசபை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். மைக்கை அணைக்க மறந்திருந்ததால், அவர் மூச்சுவிடுவது மைதானம் முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரம் சீராகப் போன அந்த மூச்சு, யாரையோ நினைத்துக்கொண்டதுபோல் ஒரு கணம் தடுக்கியது.