பக்கம் சாராத ஒருவர்

சரீபா டீச்சர் ஓய்வு பெற்ற கிழமையே, அவருடைய சம்பந்தி ஸைனம்பு, வட்டிலப்பச் சட்டியும் கையுமாகப் பொத்துவிலிலிருந்து மருதமுனைக்கு வந்து இறங்கினார்.

"காசு மணம் பிடிச்சிட்டா, பாத்தியா!" என்று டீச்சரின் அண்ணன் மீராமுகைதீன் காக்கா குசினிக்குள் வந்து கிசுகிசுத்தார். "மகனுக்கு வழக்காட வந்திரிக்கா. நீ அவட பேச்சைக் கேக்காத. காசை மொத்தமா எடு. என்ட வயல்ல ஒரு துண்டு உனக்கெண்டே வெச்சிரிக்கன்."

பென்சனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக எடுக்கலாம். எடுத்தால் மாதாமாதம் வருவது சுருங்கிவிடும். எது வேண்டுமென்று பென்சன் கந்தோருக்கு உடனே அறிவிக்க வேண்டும். டீச்சருக்குக் கணவர் இல்லை. இருந்த வீட்டையும் சீதனமாக மகள் பேருக்கு எழுதியாயிற்று. இனித் தமக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பென்சன் ஒன்றுதான்.

மருமகன் றஸாக்கின் பேச்சில் தேன் சற்றுக் கூடுதல்.

"மொத்தமா எடுங்க மாமி. கல்முனை பஜாரில கடை போடுவம். பேரும் 'சரீபா ஸ்டோர்ஸ்' எண்டே வைப்பம். நீங்க ஃபேனுக்குக் கீழ கதிரையில இருந்தாப் போதும்."

"கதிரை நல்லம்தான். காசு வெச்சிப் பூட்டிற லாச்சித் திறப்பு ஆர்ட கையில மனே?"

"அது என்ட கையில இரிக்கட்டும் மாமி. உங்களுக்கு எதுக்கு அந்தக் கரைச்சல்?"

மறுநாள் காலையில், எந்தப் பக்கமும் சாராத ஒருவரைத் தேடி டீச்சர் பாண்டிருப்புக்குப் பஸ் ஏறினார். காலமெல்லாம் ஓய்வூதியப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்த நல்லரெத்தினம் அங்கே இருந்தார்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மொத்தமா எடுத்தா ஒரு நன்மை டீச்சர். எடுக்காம விட்டாலும் ஒரு நன்மை."

"அப்ப எது ஐயா நல்லம்?"

"அதைச் சொன்னா நான் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரிப் போயிருமே!"

டீச்சர் தேநீரைக் குடித்துவிட்டு, கொண்டுபோன குழப்பத்தைக் குறைவில்லாமல் திருப்பிக் கொண்டுவந்தார்.

பகல் சோற்றுக்கு எல்லாரும் அமர்ந்திருந்தபோது றஸாக்கே கதையைத் தொடங்கினான்.

"உம்மா, நீங்களே சொல்லுங்க. மாமி காசை எப்பிடி எடுக்கிற?"

ஸைனம்பு ஒரு கணமும் தயங்கவில்லை. "இதில கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? மொத்தமா எடுத்து என்ட புள்ளைட கையில குடுங்க டீச்சர். அவன்ட மூளைக்குக் கொழும்பிலயே கடை போடலாம்!"

றஸாக்கின் முகம் மலர்ந்தது. மீராமுகைதீன், 'நான் சொல்லல்லியா?' என்பதுபோல் தங்கையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சம்பந்தியே வாய்திறந்து கேட்டபின் மறுத்தால் மகளின் குடும்பத்தில் கசப்பு வரும். இணங்கினாலோ, நாளைக்குத் தலையிடிக்கு ஒரு குளிசை வாங்கவும் மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

பின்னேரம் ஊருக்குப் புறப்பட்ட சம்பந்தியை வழியனுப்ப டீச்சர் வாசல் படலைவரை போனார்.

"நீங்க சொன்ன மாதிரியே எடுக்கிறன்," என்றார், வேறு வழி தெரியாமல்.

ஸைனம்பு திடுக்கிட்டார். மகன் பின்னால் வருகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரின் கையை இறுகப் பற்றினார்.

"அல்லாவே! உங்களுக்கென்ன பைத்தியமா மச்சி? பெத்த புள்ளைய முன்னால வெச்சிக்கிட்டு நான் வேற எப்பிடிக் கதைக்கிற? மாசாமாசமே எடுங்க. அதைச் சொல்லத்தான் வந்தன், ஒரு தனிமை கிடைக்கல்ல. அவன் கோவிச்சா, நானும் அவனோட சேந்து உங்களை ரெண்டு நாளைக்கு ஏசிறன். மனசில வெச்சிக்காதீங்க."

டீச்சர் கேட்டார்: "அவன் கெட்டிக்காரன் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"எனக்கும் அந்த நம்பிக்கை இருந்திச்சு மச்சி. தென்னந்தோட்டத்தை வித்து மொத்தமாக் குடுத்தன். இப்ப நான் இங்க வந்த பஸ் காசும் மூத்த மகள்ட கையால வாங்கினதுதான்."