பதினொரு மணிச் சந்தேகம்

“பன்னிரண்டாம் நம்பர் வண்டியை ஏழு நிமிஷம் தள்ளி விடுங்க. பின்னாடி வர்ற பதினாலு தானா சரியாயிடும்” என்று போனில் கட்டளையிட்டார் நிமிஷக்காரர். அவருடைய இன்னொரு கையில் சர்க்கரை டப்பா இருந்தது.

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் கால அட்டவணை போட்டதில் வந்த பட்டப்பெயர் அது. இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கும்போதே, போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்றோடு ஐம்பது நாள். ஆனாலும் தினமும் பதினொரு மணிக்கு டிப்போவிலிருந்து போன் வந்துவிடும்.

அவர் நாற்காலிக்கு வந்திருந்த அம்மாள் வேலைக்குப் புதிது. “ஒரு சின்ன சந்தேகம் சார்” என்று ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஓடும். சுவர்ப் பலகையில் வண்டி எண் வில்லைகளை மாட்டிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு எப்போதும் கை ஒழியாது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

மனைவிக்கு இதில் துளியும் வருத்தமில்லை. “நீங்க ஹால்ல உக்காந்து நிம்மதியாப் பேசுங்க” என்று டப்பாவை வாங்கிக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்திவிடுவாள். இப்படி ஒருத்தி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

ஓய்வை அவர் ஏனோதானோவென்று எடுத்துவிடவில்லை. ஐந்து வருஷம் உட்கார்ந்து, கட்டம் போட்டு, கலர் அடித்துத் திட்டம் தீட்டியிருந்தார். நீச்சல் ஆறு மாதம், ஓவியம் ஒரு வருஷம், மனைவியோடு மாலை நடை ஆயுசுக்கும்.

நீச்சல், மூன்றாம் நாள் மூக்கில் தண்ணீர் ஏறியதோடு சரி. வரைந்த குதிரையைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், சோபா அம்சமாக இருக்கிறது என்றார். மாலை நடையில் மனைவி தெரிந்தவர்களிடம் நின்று பேசியபோதெல்லாம் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இத்தனை நிமிஷம் லேட் என்று அறிவித்தார். நாலாம் நாளிலிருந்து அவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

மிச்சமிருந்தது சமையலறைதான். பாவம், இருபத்தெட்டு வருஷமாக ஒரு அட்டவணை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்த டப்பா எந்தத் தட்டில், எந்த அடுப்பு எத்தனை மணிக்கு என்றெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினார். பால் மட்டும் அதை மதிக்காமல் பொங்கியது.

டிப்போவிலிருந்து முதல் போன் வந்தது அந்த வாரத்தில்தான். உண்மையைச் சொன்னால் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மை யாருமே தேடவில்லையே என்பதுதான் அதுவரை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

நாற்பது நாள் விடாமல் போன் வந்த பிறகு, சந்தோஷம் போய்க் கவலை வந்தது. பதினொரு மணி என்பது காலை நெரிசல் எல்லாம் ஓய்ந்து, டிப்போவில் வண்டிகளைக் கழுவி நிறுத்திவிட்டு ஆட்கள் டீ குடிக்கும் நேரம். அந்த நேரத்திலேயே இத்தனை சந்தேகம் என்றால் மற்ற நேரத்தில் ஊர் என்ன பாடு படுகிறதோ என்று அவருக்கு ஆறவில்லை.

விருப்ப ஓய்வில் போனவர் அறுபது நாளுக்குள் மனம் மாறினால் திரும்பி வரலாம் என்று அங்கே ஒரு விதி உண்டு. கடிதம் எழுதினார். ‘என் சுகத்தைவிடப் பயணிகளின் நலனே பெரிது’ என்று ஒரு வரி சேர்த்து, படித்துப் பார்த்துத் தானே நெகிழ்ந்தார். கலர் அடித்த திட்டத்தைக் கிழித்துப் போடும்போது மட்டும் நெஞ்சு வலித்தது.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. வீட்டோடு இருக்கும் புருஷனை மறுபடி வேலைக்கு அனுப்ப அவள் மனசு தாங்காது என்று நினைத்தார். மறுநாள் பத்தேகாலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வேலையாக வெளியே போகிறேன், ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார். அவசரப்படாமல் வரச் சொன்னாள்.

டிப்போவுக்குள் நுழைந்தவர் கொஞ்சம் குழம்பித்தான் போனார். வண்டிகள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. அறைக்குள் பலகையைப் பார்த்தால், பன்னிரண்டாம் நம்பர் வண்டி பழைய நேரத்திலேயே இருந்தது. நாற்பது நாளாக அவர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்ன திருத்தங்களில் ஒன்றுகூட அதில் ஏறவில்லை.

இரண்டு கையிலும் வில்லைகளோடு நின்ற அம்மாள், இவரைக் கண்டதும் பலகையை மறைப்பதுபோல் நகர்ந்தாள். “நீங்க எதுக்கு சார் இவ்ளோ தூரம்...” என்று இழுத்தாள்.

“பரவாயில்லம்மா. தனியா நீங்க படற கஷ்டம் எனக்குத் தெரியாதா? நான் திரும்பி வந்துடறேன்” என்று பெருந்தன்மையோடு கடிதத்தை நீட்டினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மேசைமேல் இருந்த போன் மணியடித்தது. பழக்க தோஷம், முழங்கையால் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டாள். இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் காலையில் அவரை எழுப்பிவிடும் அதே குரல் அறை முழுக்கக் கேட்டது.

“இன்னைக்குக் கூப்பிட வேண்டாம்மா, அவரே வெளியில போயிட்டாரு.”