எக்ஸ்டர்னலுக்கு இளநீர்

“இன்னா கவியா, இப்பவே இப்படி நடுங்கிக்கினு கீற? எக்ஸ்டர்னல் சார் தங்கமான மனுஷம்மா. நான்தான ஸ்டேஷன்லேர்ந்து இஸ்துகினு வந்தேன், எனக்குத் தெரியாதா?”

லேப் அட்டெண்டர் எல்லப்பன் இளநீரைச் சீவிக்கொண்டே சொன்னார்.

செங்கல்பட்டில் அந்தக் கல்லூரியில் பிராக்டிகல் தேர்வு என்றால் மாணவர்களைவிட எல்லப்பனுக்குத்தான் வேலை அதிகம். வெளியிலிருந்து வரும் தேர்வாளரை ரயிலடியிலேயே மடக்க வேண்டும். துறைத்தலைவர் அறையில் ஃபேனுக்கு நேராக உட்கார வைக்க வேண்டும். வடை, காபி, இளநீர் என்று வரிசையாக உள்ளே அனுப்ப வேண்டும். வயிறு நிறைந்தால் மார்க் போடும் கை தாராளமாகும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

“வண்டிய வுட்டு எறங்குனாரு பாரு, நரைச்ச தலை, சஃபாரி டிரெஸ்ஸு! ‘மைக்ரோபயாலஜி பிராக்டிகலுக்கா சார்?’ன்னேன். ‘ஆமாம்பா’ன்னாரு. பைய புடுங்கிக்கினு ஆட்டோல ஏத்திட்டேன். இந்தா, இளநீய நீயே கொண்டு போய்க் குடு. மூஞ்சி பழகிச்சின்னா பயம் போயிடும்.”

கவியாவுக்குப் படிப்பில் குறை இல்லை. லேப் டெக்னீஷியன் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியவள், இந்த வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாள். கேள்வி கேட்பவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கருங்குழியில் ஒரு லேப்காரர் அவளுக்காக வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார். இந்தத் தடவையும் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

உள்ளே சஃபாரிக்காரர் வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா, வா. அடேயப்பா, என்ன உபசாரம்! முன்னெல்லாம் இந்தக் காலேஜ்ல குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட முறைப்பாங்க.” அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். “ஆமா, கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவோட செல் சுவர் பத்தித் தெரியுமா உனக்கு?”

கவியாவுக்குத் திக்கென்றது. வைவா ஆரம்பித்துவிட்டதே!

“தெ... தெரியும் சார்.”

“எங்க, சொல்லேன்.”

நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது.

“ஏம்மா பயப்படுறே? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு.”

எவ்வளவு நல்ல மனிதர்! கவியா மூச்சை இழுத்துவிட்டாள். கையில் இருந்த இளநீர்தான் கண்ணில் பட்டது.

“இந்த இளநீ மாதிரிதான் சார். தண்ணி இருக்குதே, அது சைட்டோபிளாசம். அதச் சுத்தி மெல்லிசா வழுக்கை, அதான் செல் சவ்வு. வெளிய மொத்தமா மட்டை, அதான் சுவரு. பெப்டிடோகிளைக்கான்.”

“அட! அது எதால ஆனது?”

“மட்டைல நார் இருக்கே, அந்த மாதிரி சர்க்கரைச் சங்கிலிங்க சார். சங்கிலிக்குச் சங்கிலி பெப்டைடு கட்டு. அந்தக் கட்டப் போட வுடாம பண்றதுதான் பெனிசிலின். கட்டு இல்லாத சுவரு நிக்குமா சார்?”

“நிக்காது, நிக்காது. அப்புறம் அந்த டெய்க்காயிக் ஆசிட்டுன்னு ஏதோ...”

“சுவருக்குள்ள ஊடுருவி நிக்கும் சார். அதுல ஒரு வகை கீழ சவ்வு வரைக்கும் போயி அதக் கெட்டியாப் புடிச்சிக்கும்.”

“கிராம் டெஸ்ட்ல போடுற ஊதாச் சாயம் மட்டும் கழுவுனாலும் போக மாட்டேங்குதே, ஏன்?”

“சுவரு மொத்தம் சார். ஆல்கஹால் ஊத்துனா சுருங்கி, ஓட்டையெல்லாம் அடைச்சிக்கும். சாயம் உள்ளயே மாட்டிக்கும். கிராம் நெகட்டிவ்ல சுவரு மெல்லிசு. சாயம் ஓடிப்பூடும்.”

“இன்னொரு தடவை சொல்லு. மெதுவா.”

சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உதடு மட்டும் அசையக் கேட்டார். தப்பு பிடிக்கத்தான் இப்படி உன்னிப்பாகக் கேட்கிறார் என்று கவியா இன்னும் கவனமாகச் சொன்னாள். “மறுபடியும்” என்றார். மறுபடியும் சொன்னாள். இப்போது குரலில் நடுக்கம் துளியும் இல்லை.

“பிரமாதம்மா! இவ்ளோ தெளிவா எவனும் சொன்னதில்ல!”

கவியா வெளியே ஓடி வந்தாள். “அண்ணா, முடிஞ்சிது! எல்லாத்தையும் சொல்லிட்டேன்! பிரமாதம்னாரு!”

“நான் சொல்லல? எல்லாம் வடை பண்ற வேலை” என்று எல்லப்பன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. வியர்வையில் நனைந்த ஓர் அம்மாள் கோபத்தோடு இறங்கினார்.

“நான் மார்கரெட். எக்ஸ்டர்னல். ஸ்டேஷனுக்கு ஆள் வரும்னாங்க, ஒருத்தரையும் காணோம்! வெயில்ல எவ்ளோ நேரம்தான் நிக்கிறது?”

எல்லப்பன் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. கவியா துறைத்தலைவர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்படியானால் இவ்வளவு நேரம் யாரிடம் ஒப்பித்தோம்?

மார்கரெட் அம்மாள் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் தேர்வு அறை வாசலில் போய் நின்று குரல் கொடுத்தார்.

“பழைய அரியர் முதல்ல வரட்டும். எழுபத்தஞ்சாம் வருஷத்து பேட்ச், காசிநாதன்! வந்தாச்சா?”

“வந்துட்டேன் மேடம்!”

துறைத்தலைவர் அறையிலிருந்து சஃபாரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

“அடப்பாவி, எம்மாம் வடை!” என்று முனகினார் எல்லப்பன்.

காசிநாதன் கவியாவின் அருகில் ஒரு நொடி நின்று, கிசுகிசுப்பாகக் கேட்டார்:

“தாயே, ஒண்ணே ஒண்ணு மறந்துபோச்சு. அந்தச் சவ்வு சுவருக்கு உள்ளயா, வெளியவா?”

“உள்ள சார், வழுக்கை!” என்றாள் கவியா, பட்டென்று.